வேட்டை வில்லுக்கு அம்பு ஒத்துப்போகவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கோடை முழுக்கப் பயிற்சித் திடலில் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். வேட்டைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பிராட்ஹெட்டை (வெட்டும் அலகு கொண்ட வேட்டை முனை) மாட்டி எய்து பார்த்தால், அம்பு அரை அடி தள்ளிப் போய்க் குத்தும். தென் ஒன்டாரியோவில் பல இடங்களில் மான் வில்வேட்டை அக்டோபர் தொடக்கத்தில் திறக்கிறது. அதனால் செப்டம்பரில் எங்கள் திடலின் பழுதுபார்க்கும் மேசைக்கு வருவதெல்லாம் இந்தப் புகாரும் இதன் உறவுக்காரப் புகார்களும்தான். வருகிறவர் பெரும்பாலும் சைட்டை (வில்லில் குறிபார்க்கும் கருவி) திருகிவிட்டே வருவார். சைட்டில் குற்றமே இருக்காது. தண்டின் விறைப்பு, நீளம், முனையின் எடை மூன்றும் வில்லோடு ஒத்துப்போயிருக்காது, அல்லது அம்பைக் கட்டிய விதத்தில் கோணல் இருக்கும். சைட்டைத் தொடுவது கடைசி வேலை.

கீழே உள்ளதெல்லாம் காம்பவுண்ட் வில்லை (முனையில் கேம் என்ற சுழல் சக்கரம் உள்ள வில்) ரிலீஸ் கருவியால் (விரலுக்குப் பதில் நாணைப் பிடித்து விடும் கருவி) எய்யும் வலக்கைக்காரருக்கு. இடக்கைக்காரர் இட வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளலாம். விரலால் நாணை விடும் ரிகர்வ், லாங்போ ஆட்கள் இட வலக் குறிப்புகளை இங்கிருந்து எடுக்க வேண்டாம். அங்கே அம்பு நாணை விட்டுக் கிளம்பும் விதமே வேறு. இந்தியாவிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு சொல்: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே வேட்டைக்கு இடமில்லை. பலகையிலும் நுரை இலக்கிலும் எய்ய மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

## எதையும் திருகுவதற்கு முன்

ஒரு தாளில் ஐந்து எண்களை எழுதுங்கள்: இழுவிசை, உங்கள் இழுநீளம், அம்பின் நீளம், தண்டில் அச்சிட்ட ஸ்பைன் எண், முனையின் எடை. இழுவிசையை ஸ்டிக்கரைப் பார்த்து எழுதாதீர்கள். 60 முதல் 70 பவுண்டு வரை என்று போட்டிருக்கும் வில் இப்போது எங்கே நிற்கிறது என்பது வில் தராசில் தொங்கவிட்டால்தான் தெரியும். அம்பின் நீளத்தை நாண் உட்காரும் பள்ளத்தின் அடியிலிருந்து தண்டு வெட்டிய முனை வரை அளக்க வேண்டும். கூர்முனை கணக்கில் சேராது.

ஸ்பைன் எண் சிறிதானால் தண்டு விறைப்பு அதிகம். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டை வைத்து நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு அளக்கிறார்கள். அரை அங்குலம் வளைந்தால் அது 500, 0.34 அங்குலம் வளைந்தால் 340. பழைய அலுமினிய அம்பில் 2117 என்று இருந்தால் அது வேறு கணக்கு: வெளிவிட்டம் 64-இல் 21 பங்கு அங்குலம், சுவரின் தடிமன் 0.017 அங்குலம். விறைப்பை அந்த எண்ணிலிருந்து நேராகப் படிக்க முடியாது, பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு கார்பன் அம்பையும் இரு கையாலும் பிடித்து, முகத்துக்குத் தள்ளி வைத்து லேசாக வளையுங்கள். கொஞ்சம் உருட்டி மறுபடி வளையுங்கள். நறுக் என்று சத்தம் கேட்டாலோ, ஓரிடத்தில் மட்டும் தளர்வாக வளைந்தாலோ அந்த அம்பு முடிந்தது. பஞ்சை வைத்துத் தண்டு நெடுகத் தடவினால் நார் எழுந்த இடத்தில் பஞ்சு மாட்டும், அதுவும் முடிந்தது. இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள். விரிசல் விட்ட கார்பன் தண்டு எய்யும்போது நொறுங்கி வில் பிடித்த கையில் ஏறும். இதில் சிக்கனம் பார்க்கிறவரோடு நான் வாதம் செய்வதில்லை, என் மேசையில் அவருக்கு வேலை செய்வதுமில்லை.

அப்புறம் அம்புகளுக்கு எண் போடுங்கள். மார்க்கர் பேனாவால் இறகில் 1, 2, 3 என்று எழுதினால் போதும். எண் இல்லாத அம்புகளை வைத்துக்கொண்டு பிழை தேடவே முடியாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதன் பிறகு குறைந்தது மூன்று அம்பு.

## அறிகுறி: ஃபீல்ட் பாயின்ட் நடுவில், பிராட்ஹெட் வேறெங்கோ

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள். பிராட்ஹெட் அம்புகள் தங்களுக்குள் ஒரே கொத்தாக விழுகின்றனவா, இல்லை சிதறுகின்றனவா? 20 கெஜத்தில் மூன்று ஃபீல்ட் பாயின்ட் (அலகில்லாத பயிற்சி முனை), மூன்று பிராட்ஹெட். ஒன்றை ஒன்று வெட்டாதபடி தனித்தனிப் புள்ளியைக் குறிவையுங்கள். பை இலக்கில் பிராட்ஹெட்டை எய்யாதீர்கள், துணி கிழிந்து பஞ்சு வெளியே வந்துவிடும். அதற்கென்று உள்ள அடர்நுரை இலக்கு வேண்டும்.

### சிதறினால்

அம்பைக் கட்டியதில்தான் கோளாறு. வில்லைத் தொடாதீர்கள்.

பிராட்ஹெட் மாட்டிய அம்பை உருளைகள் மேல் வைத்துச் சுழற்றுங்கள். உருளை இல்லாவிட்டால் முனையை ஒரு மரப்பலகையில் ஊன்றிப் பம்பரம் போலச் சுற்றிவிடுங்கள். முனையும் தண்டும் சேரும் இடத்தில் ஆட்டம் தெரிகிறதா? தெரிந்தால் அதே அம்பில் வேறொரு பிராட்ஹெட்டை மாட்டிப் பாருங்கள். ஆட்டம் போய்விட்டால் முனை கோணல். போகவில்லை என்றால் இன்சர்ட் (முனையைத் திருகுவதற்காகத் தண்டுக்குள் ஒட்டிய குழல்) கோணல், அல்லது தண்டின் வெட்டுமுகம் சதுரமாக இல்லை. வெட்டுமுகத்தைச் சதுரமாக்கும் சிறு கருவி ஒன்று விற்கிறது. உப்புத்தாள் ஒட்டிய தட்டுக்கு எதிரே தண்டைச் சுழற்றினால் மேடு தேய்ந்து சமமாகும். டஜன் தண்டு வாங்கும் காசில் ஒரு சிறு பங்குதான் ஆகும். திருகும் இடத்தில் தூசு, பழைய பசை ஒட்டியிருந்தாலும் இதே ஆட்டம் வரும், ஆகவே முதலில் துடைத்துப் பாருங்கள்.

ஆட்டமே இல்லை, ஆனாலும் சிதறுகிறது என்றால் இறகைப் பாருங்கள். நிலையான அலகு கொண்ட பிராட்ஹெட் முன்னால் காற்றைப் பிடிக்கிறது. பின்னால் உள்ள இறகு அதைவிட வலுவாகப் பிடித்தால்தான் அம்பு நேராகப் போகும். தண்டுக்கு நேர்கோட்டில் ஒட்டிய சின்ன இறகு ஃபீல்ட் பாயின்ட்டுக்குப் போதும், அகலமான நிலை அலகுக்குப் போதாது. சாய்த்தோ முறுக்கியோ ஒட்டிய இறகு வேண்டும், அல்லது மூன்றுக்குப் பதில் நான்கு. பிராட்ஹெட்டின் அலகையும் இறகையும் ஒரே கோட்டில் வைக்க மணிக்கணக்கில் மெனக்கெடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் எந்தப் பயனும் இல்லை, அந்த நேரத்தில் சுழற்சியைச் சோதிக்கலாம்.

முன்பக்க எடையையும் ஒருமுறை பாருங்கள். அம்பை ஒரு விளிம்பில் சமநிலையாக நிறுத்தி, நாண் பள்ளத்திலிருந்து அந்தப் புள்ளி வரை அளந்து, பாதி நீளத்தைக் கழித்து, முழு நீளத்தால் வகுங்கள். 28 அங்குல அம்பு 17.5 அங்குலத்தில் நின்றால் 3.5-ஐ 28-ஆல் வகுக்க 12.5 சதவீதம். வேட்டை அம்புக்கு 10 முதல் 15 சதவீதம் வரை வசதியான இடம். ஒளிரும் நாக் துண்டு (அம்பின் வாலில் நாணைக் கவ்வும் துண்டு) மாட்டியவர்களுக்கு இந்த எண் சத்தமில்லாமல் குறைந்திருக்கும், அது சாதாரண நாக் துண்டைவிடப் பத்துப் பதினைந்து கிரெயின் (அம்புக்குப் புழங்கும் மிகச் சிறிய எடை அளவு) கனம். எண் 10-க்குக் கீழே இருந்தால் முனையை 100-லிருந்து 125 கிரெயினாக்கலாம். ஆனால் முனை கனமானால் தண்டு மெலிந்ததுபோல, அதாவது விறைப்பு குறைந்ததுபோல, நடந்துகொள்ளும். கீழே “தண்டுதான் தவறு” என்ற பகுதியைப் படிக்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

### கொத்தாக, ஆனால் தள்ளி விழுந்தால்

நல்ல செய்தி. உங்கள் கை சீராக இருக்கிறது, அம்பும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறது. ரெஸ்டை (வில்லில் அம்பு உட்காரும் தாங்கி), ஃபீல்ட் பாயின்ட் விழுந்த பக்கம் நோக்கி நகர்த்துங்கள். பிராட்ஹெட் இடப்பக்கம் விழுந்தால் ரெஸ்ட் வலப்பக்கம். பிராட்ஹெட் கீழே விழுந்தால் ரெஸ்ட் மேலே. ஒரு தடவைக்கு 32-இல் ஒரு பங்கு அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டு கொத்தும் ஒன்றை ஒன்று நெருங்கி வரும். 20 கெஜத்தில் சேர்ந்தபின் 30, 40 என்று பின்னால் போங்கள். இரண்டும் ஒன்றான பிறகுதான் சைட்.

ரெஸ்டை நகர்த்த நகர்த்த ஒரு கட்டத்தில் சந்தேகம் வர வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் நடு அளவு (வில்லின் கைப்பிடிச் சுவரிலிருந்து அம்பின் நடு வரை) பல வில்களில் 13/16 அங்குலம் வாக்கில் இருக்கும். அதிலிருந்து எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் விலகியும் கொத்துகள் சேரவில்லை என்றால், ரெஸ்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, ஸ்பைன் தவறா என்று பாருங்கள். ஸ்பைனும் சரி என்றால் கேம் சாய்ந்திருக்கலாம். அது கடை வேலை.

### “மெக்கானிக்கல் வாங்கினால் போயிற்று”

எய்யும்போது மடங்கியிருந்து, படும்போது விரியும் பிராட்ஹெட் ஃபீல்ட் பாயின்ட் விழும் இடத்திலேயே விழும், அது உண்மைதான். ஆனால் ஆடிக்கொண்டு போகும் அம்பை அது நேராக்காது, ஆட்டத்தை மறைக்கும். ஆடியபடி போய்ப் படுகிற அம்பு ஊடுருவலை இழக்கும். அலகை விரிக்கவும் கொஞ்சம் ஆற்றல் செலவாகும். வில்லைச் சரியாக்கிய பிறகு மெக்கானிக்கல் உங்கள் விருப்பம் என்றால் போடுங்கள், கோளாறுக்கு மருந்தாகப் போடாதீர்கள். சில இடங்களில் வேட்டை விதி அதை அனுமதிப்பதில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: காகிதத்தில் வால் கிழிக்கிறது

ஒரு சட்டத்தில் காகிதத்தை இழுத்துக் கட்டி, இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் நின்று, தோள் உயரத்தில் எய்யுங்கள். பின்னால் உள்ள இலக்கு காகிதத்திலிருந்து ஒரு அம்பு நீளத்துக்கும் மேல் தள்ளி இருக்க வேண்டும், அம்பு முழுதாகக் காகிதத்தைத் தாண்டிய பிறகே எதிலும் பட வேண்டும். வட்டத் துளையும் அதைச் சுற்றி மூன்று இறகுக் கீறலும் இருந்தால் பிழையில்லை. முனை ஓரிடத்திலும் இறகு வேறிடத்திலும் கிழித்தால் இறகு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

### வால் இடப்பக்கம்

வலக்கைக்காரர்களிடம் அடிக்கடி வருவது இதுதான். காசில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலாவது, கை. வில்லைப் பிடித்த கை இறுகினால் வில் முறுக்கிக்கொள்ளும். நாண் முகத்தில் அழுந்தினாலும் இதேதான். விரல்களைத் தளர்த்தி, உள்ளங்கையின் கட்டைவிரல் பக்க மேட்டில் மட்டும் வில்லைத் தாங்கி மூன்று அம்பு விடுங்கள். பிறகு உங்கள் இழுநீளமே உள்ள வேறொருவரை அதே வில்லில் அதே அம்பை எய்யச் சொல்லுங்கள். அவருக்குக் கிழிசல் இல்லை என்றால் மேலே படிக்க வேண்டாம், பயிற்சிதான் மருந்து.

இரண்டாவது, உரசல். இறகு ரெஸ்டிலோ கேபிளிலோ (நாணுக்குப் பக்கத்தில் கேம்களோடு இணைந்த கயிறு) தட்டுகிறதா? இறகு ஓரத்தில் லிப்ஸ்டிக்கைத் தடவி ஒரு அம்பு விடுங்கள். எங்கே சிவப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் தட்டுகிறது. நாக் துண்டைக் கொஞ்சம் திருப்பி இறகு போகும் வழியை மாற்றினால் பாதிப்பேருக்கு அத்தோடு தீரும். விழும் வகை ரெஸ்ட் என்றால் அதன் கயிறு நீண்டுபோய், அம்பு கடப்பதற்குள் அது விழாமல் நிற்கலாம்.

மூன்றாவது, ரெஸ்டின் இடம். வில்லின் கைப்பிடியைவிட்டு வெளிப்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள்.

நான்காவது, தண்டு மெலிவு. கிழிசல் இரண்டு அங்குலம் வரை போய், மேலே சொன்ன எதற்கும் அசையவில்லை என்றால் ஸ்பைன் மேல் சந்தேகம். அதற்கும் புது அம்பு வாங்கும் முன் மூன்று வழி இருக்கிறது. முனையை 125-லிருந்து 100 கிரெயினாகக் குறையுங்கள். இழுவிசையை இரண்டு மூன்று பவுண்டு இறக்குங்கள்: மேல் கீழ் இரண்டு லிம்ப் போல்ட்டையும் (லிம்ப் என்பது வில்லின் வளையும் பகுதி, அதைப் பிடிக்கும் திருகு இது) ஒரே அளவு தளர்த்த வேண்டும், எத்தனை சுற்றுக்கு மேல் தளர்த்தக் கூடாது என்பது வில்லின் கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டவே கூடாது. அல்லது தண்டை முன்பக்கம் அரை அங்குலம் வெட்டுங்கள். ஆனால் முழுதாக இழுத்த நிலையில் தண்டின் முனை ரெஸ்டைத் தாண்டி முன்னால் நிற்க வேண்டும். ரெஸ்டுக்குப் பின்னால் போகும் அம்பு கையில் பாயும்.

### வால் வலப்பக்கம்

அரிது. ரெஸ்ட் அதிகம் வெளியே போயிருக்கும், உள்ளே கொண்டுவாருங்கள். அல்லது கேபிள் பக்கம் உரசல். தண்டு அளவுக்கு மேல் விறைப்பாக இருந்தாலும் வரலாம், அப்போது கனமான முனை போட்டுப் பாருங்கள். அதுவும் கேட்கவில்லை என்றால் கேம் சாய்வைக் கடையில் பார்க்கட்டும்.

### வால் மேலே அல்லது கீழே

மேலே கிழித்தால் நாண் மேல் அம்பு மாட்டும் இடம் உயரம். டி லூப்பை (ரிலீஸைக் கொளுவ நாணில் கட்டிய சிறு வளையம்) கீழே இறக்குங்கள், அல்லது ரெஸ்டை ஏற்றுங்கள். கீழே கிழித்தால் அதற்கு மறுதலை. ஒரு தடவைக்கு 16-இல் ஒரு பங்கு அங்குலம். எவ்வளவு நகர்த்தியும் மேல் கிழிசல் போகவில்லை என்றால் உரசல்தான், லிப்ஸ்டிக்கை எடுங்கள். இரண்டு கேம் உள்ள வில்லில் மேலும் கீழும் மாறி மாறி வந்தால் கேம்கள் ஒரே நேரத்தில் சுழலவில்லை. வீட்டில் அதைத் தொடாதீர்கள்.

## அறிகுறி: ஒரே ஒரு அம்பு மட்டும் கொத்தை விட்டு ஓடுகிறது

எண் போட்டது இதற்குத்தான். எட்டாம் எண் மூன்று சுற்றிலும் ஓடினால் பிழை அம்பில். சுற்றுக்கு ஒரு எண் ஓடினால் பிழை உங்களிடம்.

நாக் துண்டை மாற்றுங்கள், அடிபட்ட நாக் துண்டு கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டிருக்கும். அதே நாக் துண்டைக் கால் சுற்று திருப்பியும் பாருங்கள். எந்தத் தண்டும் எல்லாப் பக்கமும் ஒரே விறைப்பாக இருப்பதில்லை, திருப்பினால் சில அம்பு கொத்துக்குள் வந்துவிடும். பிறகு இறகின் அடி பிரிந்திருக்கிறதா, மற்ற அம்புகளோடு ஐந்து கிரெயினுக்கு மேல் எடை வித்தியாசம் இருக்கிறதா, சுழற்றும்போது ஆடுகிறதா என்று வரிசையாகப் பார்க்கலாம். எதுவும் பிடிபடவில்லை என்றால் அதைப் பயிற்சி அம்பாக ஒதுக்கிவிடுங்கள். ஒரு அம்புக்காகக் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

## அறிகுறி: விடும்போது வில் படார் என்கிறது, கை அதிர்கிறது

அம்பின் மொத்த எடையை இழுவிசையால் வகுங்கள். 28 அங்குலத் தண்டு, அங்குலத்துக்கு 9 கிரெயின் என்றால் 252. இன்சர்ட் 25, முனை 100, நாக் துண்டு 10, மூன்று இறகு 24. ஆகக் கூட்டினால் 411 கிரெயின். 60 பவுண்டு வில்லுக்குப் பவுண்டுக்கு ஏறக்குறைய 6.9 கிரெயின். இது நல்ல வேட்டை அம்பு. 6 முதல் 8 வரை எங்கே நின்றாலும் எனக்குத் திருப்திதான்.

5-க்குக் கீழே போனால் உடனே நிறுத்துங்கள். அந்த அம்பு வில்லின் ஆற்றலை வாங்கிக்கொள்ளாது, மிச்சம் லிம்பிலும் கேமிலும் நாணிலும் இறங்கும். அம்பு இல்லாமல் வெறும் நாணை விடுவதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. விளம்பரத்தில் போடும் வேகமெல்லாம் 70 பவுண்டு, 30 அங்குல இழுநீளம், 350 கிரெயின் அம்பு என்ற கணக்கில் வந்தவை. 350-ஐ 70-ஆல் வகுத்தால் சரியாக 5, அதாவது விளிம்பில் நின்று அளந்த வேகம். அதை வேட்டைக் காட்டில் தேடாதீர்கள். மான் சத்தத்துக்குக் குனியும், கனமான அம்பு மெதுவாகப் போனாலும் வில்லின் சத்தம் குறைகிறது.

எடை சரியாக இருந்தும் சத்தம் என்றால் தளர்ந்த திருகு, கழன்ற சைட், அதிர்வு ரப்பர் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். காற்றில் விசில் சத்தம் மட்டும் கேட்டால் இறகு. நேற்று வரை அமைதியாக இருந்த வில் இன்று திடீரென்று சத்தம் போட்டால் லிம்பில் நகத்தை ஓட்டுங்கள். சிராய் தட்டுப்பட்டால் இன்னொரு முறை இழுக்காமல் அப்படியே கடைக்கு.

## அறிகுறி: நாண் மேல் அம்பு நிற்கவில்லை, அல்லது கழன்று வர மறுக்கிறது

நாண் நடுவில் அம்பை மாட்டி, நுனி தரையைப் பார்க்கும்படி தொங்கவிடுங்கள். நாணை விரலால் லேசாகத் தட்டினால் கழன்று விழ வேண்டும், தட்டாமல் விழக் கூடாது. இறுக்கமாக இருந்தால் வேறு அளவு நாக் துண்டு, சில்லறைக் காசு. நாண் மேல் சுற்றிய நூல் தேய்ந்து அம்பு தொளதொள என்றால் நூலைத் திரும்பச் சுற்ற வேண்டும், பழகாதவர் கடையில் கொடுங்கள். டி லூப் இரண்டு பக்கமும் நாக் துண்டை நெரித்தால் இழுக்கும்போது அம்பு ரெஸ்டைவிட்டு எழும். இதைப் பலர் ரெஸ்டின் குற்றம் என்று நினைத்துப் புது ரெஸ்ட் வாங்கிவிடுகிறார்கள்.

## அறிகுறி: இலக்கிலிருந்து இழுத்தால் முனை உள்ளேயே நிற்கிறது

இன்சர்ட் கழன்றிருக்கிறது. தண்டின் உள்பக்கத்தைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டு, குச்சி கறுப்பாக வருவது நிற்கும் வரை துடையுங்கள். வெட்டிய கார்பன் தூள் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. இன்சர்ட்டை உப்புத்தாளில் கீறி எபாக்ஸி போட்டு ஒரு நாள் விடுங்கள். சூடாக்கி ஒட்டும் பசை என்றால் கார்பனுக்கு என்று விற்கும் குறைந்த வெப்பப் பசைதான், சூட்டையும் முனைக்குக் காட்டுங்கள். தண்டில் நெருப்புப் பட்டால் அதன் பிசின் கெட்டு, வெளியே நல்ல அம்பு போலத் தெரியும், உள்ளே நம்ப முடியாது.

தண்டை வெட்ட இரும்பு ரம்பமோ குழாய் வெட்டியோ எடுக்காதீர்கள், நார் பிளந்துவிடும். வேகமாகச் சுழலும் தேய்ப்புச் சக்கரம் வேண்டும், தூளுக்கு முகமூடி வேண்டும். அது இல்லாதவர் தண்டு வாங்கும் கடையிலேயே வெட்டிக்கொள்வது மேல்.

## அறிகுறி: பட்ட இடம் சரி, ஆனால் ஊடுருவவில்லை

இதைத்தான் அம்பு சம்பந்தப்பட்ட புகார்களில் நான் பெரிதாக எடுக்கிறேன். காயத்தோடு ஓடும் மானுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

முதல் கேள்வி: அலகு கூராக இருந்ததா? ஒரு ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்து அலகை அதன் மேல் வைத்து லேசாக அழுத்துங்கள். உடனே அறுந்தால் சரி, தள்ளிக்கொண்டு போனால் அலகை மாற்றுங்கள். பயிற்சியில் நுரைக்குள் போய்வந்த அலகு, பெட்டியிலிருந்து எடுத்ததுபோலவே தெரிந்தாலும், கூர் இழந்திருக்கும். பயிற்சிக்கு ஒரு முனையை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது, அம்பு ஆடிக்கொண்டு போயிற்றா? காகிதச் சோதனைக்குத் திரும்புங்கள்.

மூன்றாவதுதான் எடையும் ஆற்றலும். கிரெயினில் எடை, விநாடிக்கு அடியில் வேகம். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, எடையால் பெருக்கி, 450240-ஆல் வகுங்கள். 420 கிரெயின் அம்பு 255 அடி வேகத்தில் போனால் 60 அடி-பவுண்டுக்குச் சற்று மேல். பரவலாகப் புழங்கும் பட்டியலில் மானுக்கு 25 முதல் 41, எல்க், கருங்கரடிக்கு 42 முதல் 65 என்று இருக்கும். அதாவது வெள்ளைவால் மானைப் பொறுத்தவரை ஆற்றல் பற்றாக்குறை என்பது பெரும்பாலும் சாக்குதான், காரணம் கூரிலோ ஆட்டத்திலோ தோள் எலும்பிலோ இருக்கும்.

40, 45 பவுண்டு வில்லுக்கு மட்டும் இந்தப் பேச்சு மாறும். அங்கே இரண்டு அங்குலம் விரியும் மெக்கானிக்கல் வேண்டாம். நுனியிலிருந்தே வெட்டிக்கொண்டு போகும் இரண்டு அலகு முனை, அங்குலத்துக்குச் சற்று மேல் அகலம், கொஞ்சம் கனமான தண்டு. கடையில் வேறு எதையாவது தள்ளப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குறைந்தபட்ச இழுவிசை, அம்பு நீளம், முனை அகலம் எல்லாவற்றுக்கும் மாகாணத்துக்கு மாகாணம், மாநிலத்துக்கு மாநிலம் விதி உண்டு, அந்தப் பருவத்துக்கான கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

## அறிகுறி: நவம்பரில் மட்டும் இடம் மாறுகிறது

அம்பு நிரபராதி. தடிமனான கோட்டின் கை நாணில் உரசுகிறது, அல்லது முகமூடியும் கையுறையும் சேர்ந்து நீங்கள் நாணை நிறுத்தும் இடத்தை மாற்றிவிட்டன. வேட்டைக்குப் போடும் அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு திடலில் எய்து பாருங்கள், கையில் ஒரு பட்டை கட்டித் துணியை அடக்குங்கள்.

## எல்லாம் பார்த்தாயிற்று, தண்டுதான் தவறு

சரி, இப்போது காசு செலவழிக்கலாம். முதலில் எழுதிய ஐந்து எண்களோடு தயாரிப்பாளரின் பட்டியலைப் பாருங்கள். தோராயமாக, 100 கிரெயின் முனையோடு 50 பவுண்டு, 27 அங்குல அம்புக்கு 500. 60 பவுண்டு, 28 அங்குலத்துக்கு 400. 70 பவுண்டு, 29 அங்குலத்துக்கு 340. முனை 25 கிரெயின் கூடினால் வில் 3 முதல் 5 பவுண்டு கூடியதாக வைத்துப் பாருங்கள். ஒரு அங்குலம் நீளம் கூடினாலும் விறைப்பான பக்கம் நகர வேண்டும். இரண்டு கட்டத்துக்கு நடுவில் நின்றால் வேட்டை வில்லுக்கு விறைப்பானதை எடுங்கள். நாளை கனமான முனை போட இடம் இருக்கும்.

தண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்ற அளவில் 0.001, 0.003, 0.006 அங்குலம் என்று மூன்று விலை வைத்திருப்பார்கள். 30 கெஜத்துக்குள் மான் வேட்டையாடுகிறவருக்கு 0.003 தாராளம். மிச்சப் பணத்தில் ஒரு கிரெயின் தராசு வாங்குங்கள். முடிந்தால் டஜனாக வாங்கும் முன் இரண்டு தண்டை மட்டும் வாங்கிக் கட்டி, காகிதத்திலும் பிராட்ஹெட்டிலும் எய்து பாருங்கள். ஒற்றைத் தண்டு விற்கும் கடைகள் உண்டு, கேட்டால் தருவார்கள்.

## கடைக்குப் போகும்போது

வில் பிரஸ் (வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) தேவைப்படும் எதுவும் வீட்டு வேலை இல்லை: கேம் சாய்வு, கேம்களின் நேரம், நாண் மாற்றுவது, கேபிள் முறுக்குவது. லிம்ப் சிராய், தவறி வெறும் நாணை விட்டது, கேம் வளைந்தது போன்றவற்றுக்கு ஒரு அம்புகூட மேற்கொண்டு எய்யாமல் போக வேண்டும்.

வில்லை மட்டும் கொண்டுபோகாதீர்கள். எண் போட்ட ஆறு அம்பு, அவற்றில் மாட்டும் பிராட்ஹெட், உங்கள் ரிலீஸ், கிழிந்த காகிதங்கள், ஐந்து எண் எழுதிய தாள், எதை எவ்வளவு நகர்த்தினீர்கள் என்ற குறிப்பு எல்லாம் போகட்டும். காகிதத்தின் மேல் எது மேல்பக்கம் என்று ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். தலைகீழாகக் கொண்டுவந்த காகிதத்தை வைத்து டி லூப்பைத் தப்பான பக்கம் நகர்த்திய கதைகள் உண்டு. பிரச்சினையைக் கடைக்காரர் கண்ணால் பார்க்கும்படி அவர் முன்னால் மூன்று அம்பு எய்து காட்டுங்கள், அதற்கு முன் எதையும் அவர் திருக வேண்டாம்.